நீல நாடாவும் பிப்ரவரி முதல் தேதியும்

சார்ல்ஸ்டன்,
17 ஜனவரி 1833

அன்பு மகன் ஜோசையாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

முதலில் அந்தப் பொட்டலம். எள் பிஸ்கட்டை நீல நாடாவால் கட்டி அனுப்பியது நான்தான். சத்தியமாக யோசிக்கவில்லை. மத்திய அரசின் இறக்குமதி வரிச் சட்டம் இங்கே செல்லாது என்பவர்கள் எல்லாம் தொப்பியில் நீலப் பூ குத்திக்கொண்டு திரிகிறார்கள். அந்தப் பூக்களை நம் தெருப் பெண்களும் நானும் நம் வீட்டுக் கூடத்தில்தான் தைக்கிறோம். கைக்கு எட்டிய மிச்ச நாடாவை எடுத்துக் கட்டிவிட்டேன். நீயோ மத்திய அரசின் சிப்பாய். அதைப் பார்த்து உன் கேப்டன், "நீ எந்தப் பக்கம்டா?" என்று எல்லார் முன்பும் உன்னைக் கேட்டதாகப் படகுக்காரர் சொன்னார். என் புத்திக்கு என்ன கேடோ! பிஸ்கட்டையாவது சாப்பிட விட்டார்களா?

இங்கே அப்பா முன்போல இல்லை. நத்தானியேல் சித்தப்பா மத்திய அரசுக்குப் பரிந்து பேசினார் என்று ஞாயிறன்று சர்ச் வாசலிலேயே சண்டை. "அந்தச் சட்டம் செல்லாதுன்னு நம்ம மாகாணம் சொன்னா செல்லாதுதான். வாஷிங்டன்காரனா உனக்குச் சோறு போடுறான்?" என்று அப்பா கத்தினார். "ஆளாளுக்குச் சட்டத்தைக் கிழிச்சா நாடு எதுக்குண்ணே?" என்று சித்தப்பாவும் விடவில்லை. கூடப் பிறந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில் உட்கார்கிறார்கள். உன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். ஆனால் நான் அந்தப் பக்கம் போனதும் உன் கடிதங்களை எடுத்துப் படிக்கிறார்.

இனி எழுதுவதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. சுங்க அலுவலகம் துறைமுகத் தீவில் நீ இருக்கும் கோட்டைக்கு மாறியதிலிருந்து, அப்பாவுக்கு வந்த கம்பளிச் சரக்கும் அங்கேதான் கிடக்கிறது. அந்த வரியை இங்கே வசூலிக்கக் கூடாது என்ற மாகாணத்தின் தடை பிப்ரவரி முதல் தேதி நடைமுறைக்கு வருகிறது. அன்று காலையில் அப்பாவும் ஐந்து வியாபாரிகளும் துப்பாக்கியோடு படகில் வந்து, வரி கட்டாமல் சரக்கை எடுக்கப் போகிறார்கள். துடுப்புப் போடப் போவது நம் வீட்டு அடிமைகள் கஃபியும் அவன் தம்பியும். வருகிறீர்களா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. போக வேண்டாம் என்று நான் அப்பாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "சுடமாட்டாங்க, சும்மா மிரட்டுறாங்க. நீ போய்த் தையலைப் பாரு" என்றார்.

பீரங்கிக்குக் குறி பார்க்கும் வேலை உனக்குக் கிடைத்ததாகப் போன மாதம் எழுதினாயே, அந்தக் கடிதத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். சொன்னால் நின்றுவிடுவாரா, இன்னும் வீம்பு ஏறுமா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

சத்தியம் செய்து ஏற்ற வேலையை விட்டு ஓடி வா என்று உன்னிடம் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை மங்கிவிட்டது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மதில்மேல் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியப் போவதில்லை. படகில் வருவது யாரென்று உனக்குத் தெரியும்.

ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், மகனே.

உன் அம்மா,
மார்த்தா