படகை விடாத துறைத்தலைவன்

காலையில் நம் தீவின் ஹேடோ துறைமுகத்தில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்தியிருந்தார்கள். கவுன்ட்டருக்குள் இருந்தவர் தலை நிமிராமல், "ஆஜ் நஹீ, கல் ஆனா" என்றார். இன்று இல்லை, நாளை வா. எனக்குச் சிரிப்பு வந்தது. அது நீ கதையில் படைத்த துறைத்தலைவனின் வசனம், நண்பா.

ஷாதிபூரில் உன் ஹார்டுவேர் கடையின் பின்னறையில் ஞாயிறுதோறும் ஒரு கதை விளையாட்டு நடக்கும். நீ மாயத்தீவு ஒன்றின் கதையைச் சொல்வாய். உன் மகள் ஸபீனாவும் அவள் தோழிகளும் வீராங்கனைகளாக அதற்குள் நடப்பார்கள். சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். வில்லனை உருவாக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாய். பறக்கும் நாகத்தைக் கண்டுகூட அந்தப் பெண்கள் பயப்படவில்லை என்பது உன் குறை. "தீவுக்காரன் எதுக்குடா பயப்படுவான்? கப்பல் போகலைன்னாத்தான்" என்றாய். அப்படிப் பிறந்தவன்தான் துறைத்தலைவன். கத்தி எடுக்கமாட்டான். வந்தவர்களை உட்காரவைத்து டீ கொடுப்பான். படகைக் கட்டிய சங்கிலியை மட்டும் அவிழ்க்கமாட்டான்.

பத்திரிகைக்காக நான் அதிகாரிகளைப் பேட்டி எடுப்பதுபோல அவனையும் எடுக்கச் சொன்னாய். நான் கேட்பேன், நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு அவனாகப் பதில் சொல்வாய். ஏன் யாரையும் போகவிடுவதில்லை என்று கேட்டபோது மட்டும் கண்ணாடியை எடுத்துத் துடைத்தாய். பிறகு, "போனவங்க யாரும் திரும்பி வரல, சார்" என்றாய். நான் பேனாவை மூடிவிட்டேன்.

இவனை வெல்லவே முடியாது போலிருக்கிறதே என்றேன். "தோக்கவே தோக்காதவன் வில்லன் இல்லடா, வானிலை. இவன் மனசு இளகுறதுக்கு எங்கயாவது ஓர் எடம் விட்டுவைக்கணும்" என்றாய். அந்த இடம் எது என்று கடைசிவரை சொல்லவில்லை.

சிகிச்சைக்காக நீ கடல் கடந்து மெயின்லேண்டுக்குக் கிளம்பிய அன்று லம்பா லைன் வழியாக விமான நிலையம் போனோம். வாசலில் நான் துறைத்தலைவனின் குரலில், "இன்னைக்கு இல்ல சார், நாளைக்கு வாங்க" என்றேன். "காப்பி அடிக்காதடா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாய். திரும்பி வரவில்லை.

சில மாதம் கழித்து ஸபீனா வந்தாள். கதை பாதியில் நிற்பதாகச் சொன்னாள். "வாப்பா மாதிரி அவன் பேசுறது உங்களுக்குத்தான் தெரியும், மாமா." துறைத்தலைவனாகப் பேச ஒப்புக்கொண்டேன். வாரந்தோறும் கதையில் அவர்கள் துறைக்கு வந்தார்கள். வாரந்தோறும் நாளைக்கு வாருங்கள் என்றேன். அவர்கள் ஜெயித்துவிட்டால் கதை முடிந்துவிடும். உன் பேச்சு ஒலிக்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு ஸபீனா, கதையில் தன் வீராங்கனை வாளைக் கீழே வைத்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறிக்கங்க. எல்லாரும் போனப்புறம் இங்க தனியா என்ன செய்வீங்க?" என்றாள்.

துறைத்தலைவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. பேட்டி எடுத்த நான்கூட. பகடையை உருட்டச் சொல்லியிருக்கலாம். ஓரமாக ஒதுக்கிவைத்தேன். துறைத்தலைவன் சங்கிலியை அவிழ்த்தான். அவனும் படகில் ஏறினான்.

இப்போதும் யாராவது ஊருக்குக் கிளம்பினால் 'நாளைக்கு வாங்க' என்ற அந்த வரி என் நாக்கு நுனிவரை வருகிறது. உன் குரலிலேயே வருகிறது. விழுங்கிவிட்டு, "பத்திரமா ஏறுங்க" என்கிறேன்.