இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவார்கள்

சாலை, திருவனந்தபுரம்
23 நவம்பர் 2022

பிரியமுள்ள மகள் அஜிதாவுக்கு அம்மா எழுதுவது. சேசுமரிசூசை உனக்குத் துணையிருக்கட்டும். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலிதான் கூடியும் குறைந்தும் இருக்கிறது. கொத்து வேலையில் குத்தவைத்து உட்காராதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். குத்தவைக்காமல் எந்தக் கொத்தன் தரை போடுவான்?

உறையின் மேல் 'சிஸ்டர் எலிசா மரியா' என்று எழுதினால்தான் மடத்தில் உன் கையில் கொடுப்பார்களாம். அதை அப்பாவை எழுதச் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. உறைக்கு உள்ளே எழுதுகிறவள் நான். இங்கே நீ அஜிதாதான்.

உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் நிறைய ஜெபமும் தியானமும். நல்லது, படித்தேன். கடைசியில் கையெழுத்துக்கும் கீழே, இடுக்கில் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தாய். இந்த வருஷம் உலகக் கோப்பை உண்டல்லவா அம்மா, தெருவில் பிளக்ஸ் கட்டியாச்சா என்று. அந்த வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று அப்பா கேட்டார். ஒன்றுமில்லை, என் மகள் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன்.

கட்டியாச்சு. மார்க்கெட்டில் மூட்டைச் சுமடு எடுக்கிற நம் சுடலைக்கண்ணுதான் இப்போதும் அர்ஜென்டினாவுக்குத் தலைவர். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் உன் மெஸ்ஸி மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறார். எதிரே உன் அப்பா ஆட்களின் பிரேசில் பிளக்ஸ். அப்பா மஞ்சள் பனியனைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். வயிறு பனியனுக்குள் அடங்கவில்லை, மனுஷனுக்கு அதைப் பற்றிக் கவலையுமில்லை. அஜிதா போன பிறகு நம்ம பக்கம் கூவ ஆளில்லாமப் போச்சக்கா என்று சுடலைக்கண்ணு இன்றைக்கும் சொல்லித் திரிகிறான். தெருவிலேயே பெரிய தொண்டை உன்னுடையது. அந்தத் தொண்டை போய்ச் சேர்ந்த இடத்தை ஊரே மிண்டாமடம் என்கிறது. பேசாத மடமாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, உனக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மனசைத் தேற்றிக்கொள். நேற்று மத்தியானம் உன் அர்ஜென்டினா சவூதிக்காரர்களிடம் தோற்றுப்போனது. நான் வேலை செய்கிற ஹோட்டலில் டி.வி. போட்டிருந்தார்கள். மீன்குழம்பு ஆறிக் கிடந்தது, சோறு கேட்டு ஒருத்தரும் வரவில்லை. நானும் கரண்டியோடு வந்து வாசலில் நின்றேன். முதலில் நம்மவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். அதற்கப்புறம் மூன்று தடவை பந்து வலைக்குள் போனது. மூன்று தடவையும் செல்லாது என்று கொடியைத் தூக்கிவிட்டார்கள். முன்னாலேயே போய் நின்றுவிட்டார்களாம். சீக்கிரம் போய் நிற்பது ஒரு குற்றமா, நீயே சொல். பிறகு நான் பாத்திரத்தைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் சவூதிக்காரர்கள் இரண்டு அடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் தெரு சாவு வீடாகக் கிடந்தது. சுடலைக்கண்ணு சாப்பிடவில்லை என்று அவன் பெண்டாட்டி வந்து புலம்பினாள். எனக்கு நீ அழுத நாள் ஞாபகம் வந்தது. போனதுக்கு முந்தின உலகக் கோப்பையில் இதே அர்ஜென்டினா இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றதே, அந்தக் காலை. காப்பிகூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்து அழுதாய். கண்ணால் கண்டிராத ஒருத்தனுக்காக இப்படியா அழுவாய் என்று திட்டினேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கண்டாத்தான் பிரியமா அம்மா என்றாய். இரண்டு வருஷம் கழித்து மடத்துக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னாய்.

பிப்ரவரி இரண்டாம் தேதி உன் நித்திய வார்த்தைப்பாடு, அம்மா வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பூசையோடு ஆயுசுக்கும் அங்கேதான் என்று முடிவாகிவிடும், அது எனக்குத் தெரியும். அப்பா வருவார், இந்த ஆறு வருஷமும் வந்தவர்தானே. நான் வர மாட்டேன். பெற்ற பிள்ளையைக் கம்பி அழிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்க என்னால் ஆகாது. உன் மடத்து வழியாக வித்துரா மலைக்குப் போகிற பஸ் தினமும் கிழக்கேகோட்டையில் என்னை உரசிக்கொண்டு போகிறது. போர்டைப் பார்க்கிறேன், அப்புறம் நடந்து வேலைக்குப் போகிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

வருகிற ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை உங்களுக்குக் கடிதம் கொடுக்க மாட்டார்கள் என்று அப்பா சொன்னார். அதனால்தான் அவசரமாக எழுதினேன். மலையில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சால்வையை மடித்து வைக்காமல் போர்த்திக்கொள்.

கோபத்திலும் பிரியத்திலும் குறையாத
அஜிதாவின் அம்மா,
ஜெபமலர்


சாலை, திருவனந்தபுரம்
19 டிசம்பர் 2022

பிரியமுள்ள மகளுக்கு,

பாலன் சேசு உன்னை ஆசீர்வதிக்கட்டும். இதை நீ கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் பிரிப்பாய். இன்றைக்கு உலகம் முழுக்க, பால்கார அம்மாவுக்கும் பெரியகோயில் வாசலில் பூ விற்கிறவளுக்கும் தெரிந்த விஷயம் உனக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் தெரியாது. உனக்கு முன்னால் இதைப் படித்துப் பார்க்கிற மதருக்கும் ஒரு விண்ணப்பம். மதரம்மா, முடிவு தெரிந்துவிட்டதென்று முகத்தில் காட்டிவிடாதீர்கள். அவள் வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நீயும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. எனக்கு உன்னைத் தெரியும்.

முதலில் அப்பா சங்கதி. பிரேசில் குரோஷியாவிடம் தோற்று வெளியே போனது. நம் தெரு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. தோற்ற கட்சியின் பிளக்ஸை அந்தக் கட்சிக்காரனே ஏறி அவிழ்க்க வேண்டும், எதிர்க்கட்சிக்காரன் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவன் இறங்குகிற வரை ஒருத்தரும் கிண்டல் செய்யக் கூடாது. மறுநாள் காலையில் அப்பா அந்த முட்டுவலியோடு ஏறினார். சுடலைக்கண்ணு ஏணியை அசையாமல் பிடித்துக்கொண்டான். அண்ணன் மெல்ல எறங்கணும் கேட்டோ என்று மட்டும் சொன்னான். அந்த பிளக்ஸை அப்பா நம் பின்பக்கத் தகரத்துக்கு மேல் விரித்துவிட்டார். நம் அடுக்களையில் மழை ஒழுகாமல் இப்போது காப்பது பிரேசில்தான்.

உன் அர்ஜென்டினா அப்படியில்லை. அந்த முதல் தோல்விக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து ஜெயித்து நேற்று இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரி பிரான்ஸ். நம் தெருமுனை மைதானத்தில் பெரிய துணித் திரை கட்டினார்கள். உன் பெட்டியைத் திறந்து அந்தக் கோடு போட்ட ஜெர்சியை எடுத்தேன். நீ ஒரு ஆட்டத்தையும் விடமாட்டாய், உனக்குப் பதிலாக ஒருத்தியாவது அங்கே நிற்க வேண்டாமா? சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு நான் தெருவில் நடந்தபோது உன் அப்பா ரெண்டு எட்டு தள்ளியே வந்தார்.

இவ்வளவு ஜனத்தை நான் வேளாங்கண்ணியில்தான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரையில் எல்லாரும் நீலமாகவே தெரிந்தார்கள், ஒரு டீம் வெளிர்நீலம், ஒரு டீம் கருநீலம். அதனால் நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். திரைக்கு ஒரு ஓரம் டீக்கடை, மறு ஓரம் டிரான்ஸ்பார்மர்; திரையில் டீக்கடைப் பக்கத்து வலைக்குள் பந்து போனால் நமக்கு, டிரான்ஸ்பார்மர் பக்கம் போனால் அவர்களுக்கு. கணக்கு பிசகவில்லை. இடைவேளைக்குள் டீக்கடைப் பக்கம் இரண்டு கோல் விழுந்தது. முதல் கோலுக்கு உன் மெஸ்ஸியைத் தனியாகப் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார்கள், அவர் தாடியைத் தடவிவிட்டுச் சாவகாசமாக அடித்தார். பக்கத்தில் யார் பெண்பிள்ளை, யார் ஆண்பிள்ளை என்றில்லை, எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கொண்டார்கள்.

இடைவேளைக்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. முடியப்போகிற சமயத்தில் மறுபடியும் ஒருவன் தனியாகப் பந்தை வைத்தான், அதே டீக்கடைப் பக்கம். மூன்றாவதும் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. பந்து வலைக்குள் போனதும் குதித்துக் கை தட்டினேன். அஜிதா, அத்தனை ஆயிரம் பேர் இருந்த மைதானத்தில் தட்டியது நான் ஒருத்திதான். அதுவும் அர்ஜென்டினா ஜெர்சி போட்டுக்கொண்டு! எல்லாத் தலையும் திரும்பியது. அப்பா தன் மனைவி யாரென்றே தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். அக்கா ஆருக்கு கை தட்டுறீங்க என்று சுடலைக்கண்ணு அழாத குறையாகக் கேட்டான். அவன்தான் சொன்னான், இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு டீமும் பக்கம் மாறும் அக்கா, ஆளு அதே ஆளுதான், பார்த்து ஓடுற திசைதான் வேற என்று.

எனக்கு இதை யார் சொன்னார்கள்? எத்தனை வருஷம் வீட்டில் கத்தினாய், நீ சொல்லியிருக்கலாம். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் பிரான்ஸ்காரன் இன்னொன்றும் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கிவிட்டான். என் கைராசிதான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் நான் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். உன் ஆளை மட்டும் பார்த்தேன். கண்ணாடி இல்லாமலே அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது மகளே. எல்லாரும் ஓடும்போது அவர் ஒருத்தர்தான் நடக்கிறார். ஏதோ கேட்டுக்கொண்டே நடக்கிற மாதிரி நடக்கிறார். நீ அழுத அந்த வருஷம் தோற்று நின்றவரும் இவர்தானே. இத்தனை வருஷம் கழித்து, நரைக்கிற வயசில், அதே இடத்துக்குத் திரும்ப வந்து நிற்கிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கூடுதல் நேரத்தில் அவரே இன்னொரு கோல் அடித்தார். மூன்றுக்கு இரண்டு. ஜெயித்தாயிற்று என்று இருந்தால், நம்மவன் ஒருத்தன் கையில் பந்து பட்டு, அதற்கு பிரான்ஸ்காரன் அடித்து, மூன்றுக்கு மூன்று.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. விசில் ஊதப்போகிற கடைசி நொடி. பிரான்ஸ்காரன் ஒருவன் பந்தோடு வருகிறான், எதிரே வலையைக் காக்கிற நம் கோலி மட்டும். வேறு ஒருத்தருமில்லை. மைதானம் முழுக்க மூச்சு நின்றுவிட்டது. அப்படியொரு அமைதியை நான் பூசையில் தேவநற்கருணை தூக்கும்போதுதான் கேட்டிருக்கிறேன். அந்த அமைதிக்குள் என் வாய் தானாகத் திறந்து நேர்ந்துகொண்டது. அந்தோணியாரே, இதைத் தடுத்துவிடும், நான் மடத்துக்குப் போகிறேன் என்று. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. கோலி காலை நீட்டினான். பந்து அதில் பட்டுத் தெறித்தது.

எல்லாரும் குதித்தார்கள், நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா என்றுகூட நினைத்தேன், மறைப்பானேன். தடுத்தால் மட்டும் போதாது அந்தோணியாரே, ஜெயிக்கவும் வேண்டும் என்று ஒரு பேரம் கூட்டிப் போட்டேன். அவர் விடுகிற ஆளா? ஆளுக்கு ஆள் தனியாக அடிக்கிற கட்டத்துக்குப் போனது. மெஸ்ஸி அடித்தார், உள்ளே போனது. அவர்கள் அடித்ததில் ஒன்றை நம் கோலி பிடித்துத் தள்ளினான், ஒன்று வெளியே போனது. கடைசி அடிக்கு யார் வந்தான் தெரியுமா? கையில் பந்து பட்டு எல்லாரிடமும் ஏச்சு வாங்கினானே, அவனேதான் வந்தான். அடித்தான், போட்டான். உன் அர்ஜென்டினா ஜெயித்துவிட்டது, அஜிதா!

அப்புறம் நடந்ததை எழுத எனக்குப் படிப்பு போதாது. மூட்டை தூக்குகிற சுடலைக்கண்ணு மண்ணில் குப்புற விழுந்து குழந்தையாக அழுதான். பிரேசில் பனியன் போட்ட உன் அப்பா அவனைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார். அங்கே ஜெயித்தவர்களுக்கு சாலைத் தெரு என்று ஒன்று இருப்பதே தெரியாது. சுடலைக்கண்ணு என்ற பெயரை அவர்கள் கேட்கப்போவதுமில்லை. இவனுக்கு அதில் ஒரு குறையுமில்லை. கண்டாத்தான் பிரியமா என்று நீ கேட்டதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று அந்த மைதானத்தில் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் சத்தம் போட்டு அழுதேன். யாருக்காக அழுதேன் என்று அப்பா கேட்கவில்லை. கேட்காததற்கு அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

ஆகவே பிப்ரவரி இரண்டாம் தேதி வருகிறேன். மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் அந்தோணியார் சும்மா விடமாட்டார், அதற்காகத்தான். இந்த உறையின் மேல் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். அப்பா எழுதினால் எழுத்து கோணலாக வருகிறது.

ஒன்று மட்டும் மதரிடம் கேட்டு எழுது. கம்பி அழிக்கு எந்தப் பக்கமாக உட்கார்ந்தால் உன் முகம் தெரியும்? கண்ணாடியை மறக்காமல் கொண்டுவருகிறேன். நீ எந்தத் திசை பார்த்து நிற்பாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு மகளே. இந்தத் தடவையும் பக்கம் தெரியாமல் நான் தவறாகக் கை தட்டிவிடக் கூடாது.

என்றும் உனக்காக வேண்டிக்கொள்ளும்,
சிஸ்டர் எலிசா மரியாவின் அம்மா,
ஜெபமலர்