மாடியிலும் கீழேயும் ஒரே மேட்ச்

ஞாயிறு இரவு, பெங்களூரு ஹெப்பாள்.

காலையில் பழனிசாமி அண்ணன் கூப்பிட்டு, கேபிளைத் துண்டிக்கச் சொன்னார். நான் கேபிள் தொழில் தொடங்கியதிலிருந்து கனெக்‌ஷன் வைத்திருப்பவர். மாடியேறிப் போனேன்.

"ஏனுங்ணா, படம் சரியா வர்லீங்களா?"

"படத்துக்கென்ன முருகேசு. நேத்து மேட்ச்ல கமெண்டரிக்காரனுக விக்கெட் விழுந்ததக்கூடச் சொல்லாம, ஸ்டேடியத்துக்கு வந்த அந்தத் தலைவரையே புகழ்ந்துட்டிருந்தானுக. அதுக்கு நான் ஏன் காசு கட்டோணும்?"

செட்டாப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். கீழ்வீட்டு வாசலில் அவருடைய தம்பி குமார் நின்றிருந்தான். தேர்தலுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

"எங்களுதையும் கழட்டிருங்க. எங்க தலைவர் வந்திருக்காரு, ஒரு வார்த்த சொல்லிட்டு விட்டுட்டானுக. வேணும்னே பண்றானுக."

அவன் பெட்டியையும் கழற்றினேன். அதே மேட்சை நானும் பார்த்தேன். எனக்கு ஸ்கோர் மட்டும்தான் நினைவிருக்கிறது.

ரிமோட்டை வாங்க மறந்திருந்தேன். மறுபடி மாடிக்குப் போனபோது, தம்பியும் துண்டித்துவிட்டதைச் சொன்னேன்.

"அவனுமா?" அண்ணன் ரிமோட்டை எடுத்தார். "அப்ப நாளைக்கு ஃபைனல எங்க பாப்பான்?"

"நீங்களே கேளுங்களேண்ணா."

ரிமோட்டைக் கையில் வைத்தபடி படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தெருவில் பாதிப் பேர் போனிலேயே பார்க்கிறார்கள். இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளோ. படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஃபைனலை அண்ணனும் தம்பியும் சேர்ந்து பார்க்கும்படி, காலையில் ஒரு பெட்டியை மட்டும் கொண்டுபோய், யாரையும் கேட்காமல் மாட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. மாடியிலா, கீழேயா என்பதுதான் தெரியவில்லை.