பத்து எண்ணிப் போட்ட சுவிட்சு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து நெட்டு மூன்று முறை போய்விட்டது. கூடத்து அலமாரி மேல் உள்ள பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தால் உடனே மருமகள் அறையிலிருந்து "ஐயையோ" கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட நேரமில்லை.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. துணி துவைக்கிற மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் சோதனைக் காலம், இந்த 21ஆம் தேதி முடிகிறது. அதற்குள், வேலை நேரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் காணாமல் போனால் ஒரு கறுப்புப் புள்ளி. ஐந்து புள்ளி சேர்ந்தால் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்குப் போய் விடுதியில் தங்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. இன்றோடு இரண்டு புள்ளி.

போகட்டுமே. எனக்கென்ன வந்தது? சமையலறை முழுசாக என் கைக்கு வரும்.

மார்ச் 5, புதன்

நெட்டு சரிசெய்கிற பெண் தோளில் ஏணியோடு வந்தாள். கம்பத்துக்கும் கூடத்துக்குமாகப் பத்து நடை நடந்தாள். வெளியே ஒயர் முனை துருப்பிடித்திருந்ததாம். மாற்றிவிட்டாள். ஏணியைப் பிடித்தது நான்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே எப்பவாவது போய் ரொம்ப நேரம் வரலேன்னா பதறாதீங்க பாட்டிம்மா. சுவிட்சை அணைங்க, பத்து எண்ணுங்க, மறுபடி போடுங்க."

வீட்டில் இத்தனை பேர் இருக்க, என்னைத் தேடி வந்து சொல்லியிருக்கிறாள். ஆளைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எண்ணுவதில் என்னை யாரும் அசைக்க முடியாது. இதை ஒருவரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிவப்பு எரிந்தது. யாரும் பார்க்காதபோது அணைத்து, நிதானமாகப் பத்து எண்ணிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பச்சை!

"தானாவே வந்துடுச்சு அத்தை" என்றாள் மருமகள். தானாகவாம். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நான் மட்டும் ஐந்து முறை எண்ணினேன். பச்சை வருகிறது, வந்த சுவடு தெரியாமல் போகிறது. மூன்றாவது புள்ளி.

மார்ச் 11, செவ்வாய்

ஏழு முறை. எண்ணி எண்ணி நாக்கு வறண்டுவிட்டது.

மார்ச் 12, புதன்

இன்று நாலு தரம்தான் எண்ணினேன், அதற்குள் நாலாவது புள்ளியும் விழுந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

சாயங்காலம் மருமகள் பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் துடைத்தாள். "அத்தை, உங்க நீலச் சால்வையை எடுத்துக்கட்டுமா? அந்த ஊர்ல குளிராம்."

"எடுத்துக்கோ, பழசுதானே" என்றேன்.

பழசா அது? போன மாதம் வாங்கியது, இன்னும் இரண்டு தடவைகூடப் போர்த்தவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

மகன் கப்பலில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். இவளும் போயிட்டா நான் யாருகூட வாய்ச்சண்டை போடுறது? இவரோடயா? இவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா மூணு நாள் கழிச்சு "என்ன சொன்னே?"ன்னு கேப்பார். போதும். எழுத்து கலங்குகிறது.

மார்ச் 13, வியாழன்

ஏணிப் பெண்ணை மறுபடி வரச்சொன்னோம். கைப்பேசியில் என்னவோ பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"லைன்ல ஒரு குறையும் இல்ல பாட்டிம்மா. ஆனா நேத்து ஒருநாள் மட்டும் உங்க பெட்டி பதினாலு தடவை அணைஞ்சு எரிஞ்சிருக்கு. கரன்ட் போகுதா?"

"இல்லையே."

"எப்பவாவது போனாலும், சும்மா விட்டா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானே லைனைப் பிடிச்சுக்கும். அணைச்சுப் போட்டா எழுந்திரிக்க நாலு நிமிஷம் ஆகும். யாராவது நோண்டுறாங்களா?"

"எங்க வீட்டுல அப்படிப்பட்டவங்க யாரும் கிடையாது" என்று நிமிர்ந்து சொன்னேன்.

நேற்று நான் எண்ணியது நாலு தரம். மீதிப் பத்து? இந்த வீட்டில் ஒரு கள்ளக் கை இருக்கிறது. நாளைக்குப் பிடிக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

பிடித்தேன். கை வலிக்கும்வரை எழுதப்போகிறேன்.

மத்தியானம் மருமகளுக்குச் சாப்பாட்டு இடைவேளை, அதனால் புள்ளிக்குப் பயமில்லை. துணி உலர்த்தும் ஸ்டாண்டைக் கூடத்துக்கு இழுத்துவந்து, மேலே போர்வையைப் போட்டு, பின்னால் முக்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் பேத்தி. மாடியில் கல்லூரிப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் "இழுக்குதே, இழுக்குதே" என்று முனகிக்கொண்டே வந்தாள். அணைத்தாள். "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு, பத்து." போட்டாள். ஓடிவிட்டாள். பாதி எண்ணிக்கை! இவளை எந்தக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள்?

விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழிப்பதற்குள் என் வீட்டுக்காரர். கைப்பேசியில் சதுரங்கம் நின்றுவிட்டதாம். முப்பது வருஷம் லிஃப்டு ஓட்டி ஓய்வு பெற்றவர் அல்லவா, கீழ்நோக்கித்தான் எண்ணுகிறார். "பத்து, ஒன்பது, எட்டு..." ஒன்று வந்தும் நிற்கவில்லை. "தரைத்தளம்" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்.

மூன்றாவது மருமகள்! காதுமாட்டி கழுத்தில் தொங்க, வாயில் சோற்றோடு, விரல் விட்டு எண்ணினாள்.

அவள் போனபிறகும் சிவப்பு. நான் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து — எழுதவே வெட்கமாக இருக்கிறது — சுவிட்சை அணைத்தேன். ஆறு எண்ணும்போதுதான் உறைத்தது.

எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்தேன். ஏணிப் பெண் சொன்ன பதினாலைச் சொல்லி, புதன்கிழமைக் கணக்கைக் கேட்டேன்.

"அஞ்சு தடவை" என்றார் இவர். "தண்ணி குடுத்தப்ப அந்தப் பொண்ணு எனக்கு மட்டும் சொல்லிச்சு. உங்களையெல்லாம் ஏன் தொந்தரவு பண்ணணும்னு..."

"எனக்கு மட்டும்தான் சொன்னாங்கன்னு நினைச்சேன்!" என்றாள் பேத்தி. டார்ச் பிடித்தபோது சொன்னாளாம். அவள் கணக்கு மூன்று. மருமகளுக்குப் போனிலேயே சொல்லிவிட்டாளாம், அவள் இரண்டு.

"அந்த அக்கா பதினாலுன்னுதானே சொன்னாங்க?" பேத்தி கண்ணைச் சிமிட்டினாள். "பத்துதான் வருது. மீதி நாலு யாரு பாட்டி?"

பாதி எண்ணத் தெரிந்தவளுக்கு இதுமட்டும் எப்படிக் கணக்காக வந்தது!

நான் பதில் சொல்வதற்குள் இவர் சொல்கிறார்: "பேயா இருக்குமோ?"

"ஆமா, அந்தப் பேய் நான்தான்" என்றேன். மருமகள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறி, அவள் தலையில் நானே தட்டவேண்டியதாயிற்று. தேவைக்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

முடிவு: சிவப்பே எரிந்தாலும் யாரும் தொடக்கூடாது.

மார்ச் 17, திங்கள்

ஒருவரும் தொடவில்லை. புள்ளி இல்லை. இவர் மட்டும் சுவிட்சுப் பக்கமாக மூன்று தடவை சும்மா நடந்தார்.

மார்ச் 21, வெள்ளி

கடைசி நாள். மேலதிகாரி கூடவே கேட்டுக்கொண்டிருக்க, மருமகள் இரண்டு மணி நேரம் பேசவேண்டும். நான் நாற்காலியைச் சுவிட்சுக்கு முன்னால் போட்டு, முதுகால் அதை மறைத்து உட்கார்ந்தேன்.

பதினொன்றேகாலுக்குச் சிவப்பு.

"ஐயையோ!" கதவு திறந்தது. மாடிப்படி தடதடத்தது. மூன்று பேரும் என் முன்னால்.

"ஒரே ஒரு தடவை, நான் சரியா எண்ணுறேன்" என்கிறார் இவர்.

"அத்தை, தள்ளுங்க! நிமிஷம் ஓடுது!"

"தள்ளமாட்டேன். போய் உன் இடத்துல உக்காரு. வரும்."

"வரலேன்னா?"

வரலேன்னா? அவ பெட்டி கட்டுவா. காரணம் நான்னு ஆகும். கை என்னை அறியாமல் பின்னால் போனது. அதை இழுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். எண்ணாமல் சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா?

பச்சை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று பேத்தி சொன்னாள். மருமகள் ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு என் காலடியிலேயே கிடந்தது.

மார்ச் 24, திங்கள்

கடிதம் கணினியில் வந்துவிட்டது. வேலை நிரந்தரம், வீட்டிலிருந்தே. "என் சால்வையைக் குடு" என்றேன். "பழசுதானே" என்கிறாள். தரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மருமகளுக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. புரண்டு பார்த்தேன். பக்கத்து அறையில் சத்தமே இல்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. ஏதாவது பேசு."

ஒரு நொடி பார்த்தாள். குரலை மாற்றிக்கொண்டாள். "வணக்கம் மேடம், உங்க மெஷின்ல என்ன பிரச்சினை?"

அவள் கட்டிலிலேயே ஓரமாகப் படுத்துக்கொண்டு சொன்னேன்: "நாப்பத்தஞ்சு வருஷத்துப் பழைய மெஷின்மா. லிஃப்டு கம்பெனியிலேர்ந்து வந்தது. ராத்திரியெல்லாம் சத்தம், பகல்ல சொன்னா காதுல விழுறதில்ல."

"வாரன்டி முடிஞ்சிடுச்சு மேடம். மாத்தித் தரமுடியாது. கொஞ்சம் லைன்ல இருங்க" என்றவள், வாயாலேயே பாட்டுப் போட ஆரம்பித்தாள்.

பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனேன்.