செம்பொறைப் புற்களுக்குப் பெயரிட்ட செய்தியும் எரியாணைக்கு மறுப்பும்

மழை மறவாது பெய்க. மண் மலடாகாது நிற்க.

வெண்குடை நிழலில் நாடு காக்கும் வெண்ணாவல் நாட்டுக் கோவேந்தர், பகைவர் முதுகன்றி முகம் காணாத அருமாவேள் திருமுன்னர்க்கு, செம்பொறை நாட்டுக் காவல் பூண்ட கொற்றவி நங்கை, கோமகனாரின் தந்தையாரோடு உடன்பிறந்த அத்தை, விடுக்கும் ஓலை. தலைநகரின் மதில் ஓங்குக. யாற்றில் நீர் வற்றாதொழிக. அரசியார் நலமும் தொட்டிலில் கிடக்கும் இளங்கோவின் நலமும் நாளும் பெருகுக. இங்கே யாமும் நலம், எம் குடிகளும் அவர்தம் ஆடுமாடுகளும் நலம். புல்லும் நலம்.

பரிமருத்துவன் ஆதன் குமிழனைக் கைகட்டித் தலைநகர்க்கு அனுப்புக என்றும், செம்பொறைக் குன்றுகளை அடுத்த மழைக்கு முன்னே எரித்துத் தருக என்றும் கோமகனார் பெயரால் வந்த திருமுகம் எம் கையில் சேர்ந்தது. எழுந்து நின்று வாங்கித் தலைமேல் வைத்து, அவையறியப் படிப்பித்துக் கேட்டோம். கேட்டபின் மடித்து வைத்தோம். இரண்டையும் செய்யோம்.

செய்யாமைக்குக் காரணம் கூறுவது எம் கடன். இல்லாத புல்லை உண்டென்று எழுதி அரசை ஏய்த்தான் என்பது குமிழன்மேல் நிலவரி தண்டும் புரவுத் திணைக்களத்தார் சாற்றிய குற்றம். நடந்ததை யாம் கண்டவாறும், கண்டார் வாய்க் கேட்டவாறும் எழுதுவிக்கின்றோம். குன்றத்து மக்களின் பேச்சை ஓலைத் தமிழுக்குத் திருத்தினால் சொல் நேராகும், பொருள் கோணும். ஆதலின் அவர் சொன்னது சொன்னபடியே நிற்கும்.

குமிழனைக் கோமகனார் அறிவார். அரண்மனைக் கொட்டிலில் குதிரைகளின் வாயைத் திறந்து, ஈறில் தைத்த புல்லூசிகளைக் களைந்தெடுத்தே அவன் இளமை கழிந்தது. எந்தப் புல்லின் ஊசி எவ்வாறு தைக்கிறது என்று பார்க்கத் தொடங்கியவன், பிறகு புல்லையே பார்க்கலானான். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, சட்டென்று அஞ்சும் இயல்பு. போர்க்களத்துக்கு ஆகாதவன் என்று பலர் நகைத்ததுண்டு.

அவனைத் திணைக்களத்தார் எம் நாட்டுக்கு அனுப்பியது ஒரு சான்று பெறுதற்கே. புரவுத் திணைக்களத்தில் பழைய புல்வரிசை ஒன்று உண்டு. ஆற்றுப்படுகையில் வாழ்ந்தவர் ஆற்றுப்படுகையைப் பார்த்து எழுதியது. அவ்வரிசையில் பெயருள்ள புல் நின்றால் நிலம் மேய்ச்சல். அதனை ஆயரிடமிருந்து பறித்தல் ஆகாது. பெயரறியாப் புல் நின்றால் நிலம் பாழ்; எரிக்கலாம், உழலாம், வேண்டியவர்க்குக் கொடுக்கலாம். எம் குன்றுகளை நீலச்சாய அவுரி பயிரிடும் வணிகர்க்குத் தருவதாகத் திணைக்களத் தலைவராகிய புரவுநாயகம் முன்னரே வாக்களித்து விட்டார். குமிழன் அதனை அறியான். பாழ் என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் திரும்பியிருந்தால் இன்று அவன் தலைநகரில் பட்டாடை உடுத்தியிருப்பான்.

அவன் வந்தபோது பங்குனி வெயிலில் குன்றுகள் உடும்பின் முதுகுபோல் வெடித்துக் கிடந்தன. உடன்வந்த கணக்கர், பார்த்தது போதும், புறப்படுவோம் என்றனர். உலர்ந்த புல் முகம் மூடிய பிணம் போன்றது, யாரென்று சொல்லல் ஆகாது, பூத்த பின்னரே சொல்வேன் என்று அவன் மறுத்தான். கணக்கர் சென்றனர். அவன் இருந்தான்.

மழை வந்தது. பாறைப் பிளவெல்லாம் பச்சை கக்கியது. குமிழன் முழங்காலில் தவழ்ந்து, பளிங்குச் சில்லைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு புல்லையும் அடியிலிருந்து நுனிவரை பார்த்தான். உயரத்தை அவன் நம்பவில்லை. நிழலில் நெடியது வெயிலில் குறுகும். உயரம் பார்த்து இனம் பிரிப்பவன் ஒரு தாய் பிள்ளைகளையே வேற்றுக் குடி என்பான் என்று எம்மிடம் கூறினான். கணுவைப் பார்த்தான், இலை தண்டைத் தழுவும் இடத்தில் சிறு நாக்கு உண்டா, மயிர் உண்டா என்று பார்த்தான், கதிர் கிளைக்கும் முறையையும் விதையின் கூரையும் பார்த்தான். ஓரிடத்தில் கண்டதை வேறிடங்களிலும் கண்டு ஒப்பிட்ட பின்னரே புதிது என்றான்.

அவ்வாறு முதலில் கண்டது வெண்கணு: கணுதோறும் நரைமயிர் வளையம் கட்டிப் பாறை வெடிப்பில் மட்டுமே நிற்பது. அடுத்தது முக்கூர்ப் புல்: ஊசிப்புல்லின் விதைக்குக் கூர் ஒன்று, இதற்கு மூன்று, ஈரம் பட்டால் முறுக்கு அவிழ்ந்தும் காய்ந்தால் முறுக்கேறியும் விதை தானே தரையைத் துளைத்து இறங்கும். எம் உள்ளங்கையை நனைத்து அதில் ஒன்றை வைத்தான். உயிருள்ள புழுப்போல் அது திரும்பியது கண்டு எம் பணிப்பெண்டிர் அலறினர். பின்னர் களர்ப்பள்ளத்தில் உவரிப் புல்லைக் கண்டான். விடியலில் அதன் இலைமேல் உப்பு பூத்திருக்கும்.

இவ்வளவையும் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஆய்ச்சி செங்கணி. கழுகுப்பொறைச் சரிவில் ஆடு மேய்ப்பவள், கணவனை இழந்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். அவளுக்கும் அவள் குடிக்கும் புல் என்றால் புல். ஆடு தின்பது, தின்னாதது என்பதற்கு மேல் பிரிவு கிடையாது. ஒருநாள் குமிழன் பாறைமேல் உலர்த்தியிருந்த புற்கட்டை அவள் ஆடுகள் தின்று தீர்த்தன. தற்செயல் அன்று, அவளே ஓட்டிவிட்டாள். காவலரிடம் முறையிடாமல் குமிழன் அவளிடமே சென்று காரணம் கேட்டான்.

"பேரு வச்சவன் போன தடத்துலயே வரி கேக்குறவன் வருவான்யா," என்றாள் செங்கணி. "எங்க அப்பன் காலத்துல அந்தா தெரியுதே கெணறு, அதுக்குப் பேரு கெடையாது. ஒருத்தன் வந்து பேரெழுதிட்டுப் போனான். மறுவருசமே தண்ணிக்கு வரி. இப்ப நீ புல்லுக்கு வந்திருக்க."

"பேர் இல்லேன்னா பாழ்னு எழுதுவாங்க தாயி. பாழ்னா கொளுத்துவாங்க."

"அப்ப ரெண்டு பக்கமும் நெருப்புன்னு சொல்லு."

குமிழன் அன்றே எம் அவைக்கு வந்து, வரி வராமல் பெயர் மட்டும் வைக்க அரசில் வழியுண்டோ என்று கேட்டான். புல்லைப் பற்றி மட்டுமே பேசி வந்தவன் புல்லை நம்பி வாழ்வாரைப் பற்றிப் பேசியது அதுவே முதல்முறை. ஆராய்ந்து சொல்வோம் என்றோம்.

இதனிடையே அவன் எழுதிய புல்விவரம் தலைநகர் சேர்ந்தது. புதியவை அனைத்தையும் அடித்துவிட்டுப் பாழ் என்று திருத்தி அனுப்புக எனப் புரவுநாயகம் பணித்தார். குமிழன் வரைந்த மறுமொழி திணைக்களத்தில் இருக்கும். கோமகனார் வருவித்துக் காண்க. என் கண் கண்டதை என் எழுத்தாணி குத்திக் குருடாக்காது என்பது அதன் முழுமை.

அதன்பின் எரிபடை வந்தது. தலைமை தாங்கியவர் வில்லவதரையர். கடுமையானவர், ஆயினும் ஆணையின் எழுத்தை எள்ளளவும் மீறாதவர். செய்தி கேட்டுத் தேரேறி யாம் கழுகுப்பொறை அடைந்தபோது பந்தங்கள் எரிந்துகொண்டிருந்தன. பெயரறியாப் புல் நின்ற நிலமெல்லாம் எரிக்க என்ற ஆணையை அவர் உரக்கப் படித்தார். குமிழன் அவர்முன் நின்றான். அஞ்சாதவன் என்று எழுதமாட்டோம்.  அச்சத்தோடே குனிந்து ஒவ்வொரு தூற்றையும் தொட்டுப் பெயர் சொன்னான். அடிவாரம் முழுதும் சொன்னான். பந்தம் தாழவில்லை.

மேற்சரிவுக்கு ஏறினர். அங்கே குமிழன் அதுவரை சென்றதில்லை. இதன் பெயர் என்ன என்று வில்லவதரையர் கேட்டார். பொய் ஒன்று சொன்னால் குன்று பிழைக்கும். குமிழன் உதட்டைக் கடித்துக்கொண்டு, அறியேன், இன்னும் பார்க்கவில்லை என்றான். வில்லவதரையர் கையசைத்தார். பந்தம் தாழ்ந்தது.

"ஏய், நிறுத்து!" என்ற குரல் மேலிருந்து வந்தது. ஆடுகள் முன்னே உருண்டு வர, பின்னே செங்கணி. "அதுக்குப் பேரு இருக்கு. ஆட்டுத்தாடி!"

வில்லவதரையர் அடுத்த தூற்றைக் காட்டினார்.

"தூங்குமூஞ்சி."

"அது?"

"அதுவா? மாமியா மூக்கு. பாரு, எப்படி வளைஞ்சிருக்குன்னு!"

படைவீரர் சிரித்துவிட்டனர். வில்லவதரையர் சிரிக்கவில்லை. குமிழன்பால் திரும்பி, வாளைத் தொட்டுச் சூளுரைத்துச் சொல், இவை இவற்றின் பெயர்தாமோ என்றார்.

"இப்பொழுதுதான் கேட்கிறேன்," என்றான் குமிழன். "ஆனால் இந்த மண்ணில் பிறந்தவர் வாயால் கேட்கிறேன். பெயர் என்பது இதுவன்றி வேறு என்ன?"

வில்லவதரையர் ஆணையை மீண்டும் விரித்துப் பார்த்தார். ஆணையில் இருந்த சொல் பெயரறியாப் புல். அவர்முன் நின்றதோ பெயர் கேட்ட புல். பந்தங்களை மணலில் குத்தி அணைக்கச் சொல்லிவிட்டு, நிகழ்ந்ததை உள்ளபடி எழுதிக்கொண்டு போனார். அவர் மெய்யே எழுதினார். அந்த மெய்யைத் திரித்தே குற்றவோலை பிறந்தது.

இனிக் கோமகனார் கருத்தூன்றிக் கேட்க. பந்தங்கள் அணைந்த மறுநாளே குமிழன் அச்சரிவில் ஏறி அம்மூன்றையும் ஆராய்ந்தான். ஆட்டுத்தாடி என்றது பழைய ஊசிப்புல்லே. தூங்குமூஞ்சி என்றது காற்றடித்துக் கூன் விழுந்த கொழுக்கட்டைப் புல்லே. இரண்டும் புல்வரிசையில் உள்ளவை. அவ்வாறே எழுதினான். பகைவர்க்கு நீயே வாள் கொடுக்கின்றாய், விட்டுவிடு என்று யாமே தடுத்தோம். புதிதல்லாததைப் புதிதென்றால், புதியதும் பொய்யாகும் என்றான். மாமியார் மூக்கு மட்டும் எங்கும் எழுதப்படாத புல். விதையின் உமி நுனி கொக்கிபோல் வளைந்தது. அதற்கு அழகிய பெயர் வைக்க எம் புலவர் முன்வந்தனர். குமிழன் செங்கணி சொன்ன பெயரையே எழுதினான்.

அவள் நன்றி கூறவில்லை, சண்டைக்கு வந்தாள். "நான் சொன்னதுல ரெண்டு பழசுன்னு எழுதிட்டியாமே?"

"பழசுன்னா வரிசையில இருக்கு தாயி. வரிசையில இருந்தா கொளுத்த முடியாது."

செங்கணி சற்று எண்ணிப் பார்த்தாள். "அப்பச் சரி. ஆனா மூக்கு எம் மாமியாளுது. அத மாத்தாத."

ஏய்க்க வந்தவன் தனக்கு உதவிய சொல்லைத் தானே அடிப்பானோ? கோமகனாரே தீர்ப்புக் கூறுக. பழைய புல் நின்ற நிலம் முன்னோர் முறைப்படி மேய்ச்சல். புதிய புல் இன்று பெயர் பெற்றது. ஆதலின் அதுவும் மேய்ச்சல். பெயரறியாப் புல் செம்பொறையில் இல்லை. எரிக்க நிலம் இல்லை.

திருமுகம் வந்த அன்று குமிழன் தன் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு எம் முன் வந்தான். என் பொருட்டு அத்தையும் மருகரும் பகைக்க வேண்டா, கட்டி அனுப்புக என்றான். அக்கைகளில் புல் கிழித்த கோடுகள் இருந்தன. அவற்றைக் கட்ட எமக்கு மனமில்லை. கட்டவல்லார் எம் நாட்டிலும் இல்லை. அவனைச் செம்பொறை நாட்டுப் புல்நாயகமாக அமர்த்தினோம். கட்டிக்கொண்டுபோக வந்த வீரர்க்கு விருந்திட்டு வெறுங்கையோடு திருப்பினோம்.

அவன் கேட்ட வினாவுக்கும் விடை கண்டோம். செம்பொறை நாட்டில் பெயருள்ள புல்லுக்கும் இனிப் பெயர் பெறும் புல்லுக்கும் எக்காலத்தும் வரியில்லை. எமக்குப்பின் இந்நாடு ஆள்வாரும் கொள்ளற்க. அவுரி வணிகர் வேறு மண் தேடுக. தீப்பந்தம் ஏந்தி எல்லை கடப்பார் எவராயினும், அரண்மனை இலச்சினை தாங்கியவராயினும், எல்லையிலேயே தடுக்கப்படுவர். தடுப்பவர் வாளோடு நிற்பர், அவர்முன் யாம் நிற்போம். கோமகனாரைத் தோளில் சுமந்த அத்தை என்பதை மறந்து இதனைப் படிக்க. நாடு காக்கும் ஒருத்தியின் சொல்லாக மட்டுமே கொள்க.

மறுமொழி இத்துணைக் காலம் தாழ்ந்தது ஏன் என்று கோமகனார் வினவக்கூடும். ஓலை முன்னரே எழுதி முடிந்தது. சான்றாளராகக் கைந்நாட்டு இட வேண்டிய செங்கணி மறுத்தாள். "ஓலை செல்லரிக்கும். கல்லுல வெட்டுங்க, அப்புறம் கை வைக்கிறேன்," என்றாள். அது நியாயமாதலின் கழுகுப்பொறைப் பாறையில் வரியில்லா ஆணையை வெட்டுவித்தோம். கடைசி எழுத்து வெட்டி முடிந்ததும் அவள் வந்து, ஒவ்வொரு வரியையும் குமிழனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, விரலால் தடவிப் பார்த்து, அதன்பின்னரே இட்டாள். கோவேந்தரின் திருமுகம் அதுவரை காத்திருந்தது. இதற்குப் பொறுத்தருள வேண்டோம், அறிந்தருள வேண்டும்.

இவை செம்பொறை நாடு காக்கும் கொற்றவி நங்கை எழுத்து. ஆண்புலி இலச்சினை இட்டோம்.

இப்படி அறிவேன், புல்நாயகம் ஆதன் குமிழன்.

இப்படி அறிவேன், கழுகுப்பொறை ஆய்ச்சி செங்கணி. இது அவள் கைந்நாட்டு.

கல் உள்ளளவும் இவ்வாணை நிற்க. மழை மறவாது பெய்க.