முனீஸ்வரனுக்கு மூன்று சுருட்டு

பெங்களூரு
3.3.2025

அன்புள்ள செங்கேணிக்கு,

தினகரன் எழுதுகிறேன். எந்தத் தினகரன் என்று கேட்டுவிடாதே. உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் உன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தவன். பதிமூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் தலை காட்டாதவன். உன் போன் நம்பரை யாரிடமாவது வாங்கியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் கழித்து உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. உன் தங்கை இளமதியை எனக்குக் கேட்டு, என் அம்மா ஏரிக்கரை முனீஸ்வரனிடம் வாக்குக் கேட்டாள். உன்மேல் வந்த சாமி, "வாணாம்" என்றது. அது சாமி எடுத்த முடிவு, நீ என்ன செய்வாய்? உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நான் ஊரை விட்டு வந்தேன். கோபித்துக்கொண்டு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பெரிய ஓட்டலில் இருக்கும் சுருட்டுக் கடையில் எனக்கு வேலை. சிரிக்காதே. சிகார் என்று சொல்வார்கள். ஒரு சுருட்டு நாலாயிரத்து இருநூறு ரூபாய். பெட்டி இல்லை, ஒன்றே ஒன்று! எட்டு வருஷமாக நான் அதன் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிறேன். சுருட்டு காய்ந்துவிடாதபடி ஈரக்காற்று போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த ஸ்டோரை அடுத்த மாதம் மும்பைக்கு மாற்றுகிறார்கள். கவுண்டரில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை.

எங்கள் மேனேஜர் ஷாரோன் மேடம் சொல்லிவிட்டார். "கேட்லாக்ல போட்டிருக்கிறதை ஒப்பிக்காதீங்க, தினா. நாலாயிரம் கொடுக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு? பிடிச்சுப் பார்த்து உங்க வார்த்தையில சொல்லுங்க. ஏப்ரல் ரெண்டாம் தேதி கேட்பேன்."

எப்படிப் பிடிப்பேன்? நம் ஊரில் பீடி பிடிக்கிறவன் உண்டு, சிகரெட் பிடிக்கிறவன் உண்டு, சுருட்டைத் தொட்டவன் கிடையாது. அது முனீஸ்வரனுக்கு மட்டும். பெங்களூரில் எவன் பார்க்கப்போகிறான் என்று கேட்பாய். அவர் வேண்டாம் என்றதால் இளமதியையே விட்டவன் நான். இதில் மட்டும் அவரை ஏய்த்தால், அன்றைக்கு விட்டதற்கு என்னடா அர்த்தம்?

யோசித்துப் பார்த்தேன். நமக்குத் தெரிந்த வட்டாரத்தில் சுருட்டைப் பற்றி விவரம் தெரிந்தவர் சாமி ஒருவர்தான். விலைச் சீட்டைக் கழற்றிவிட்டு, மூன்று சுருட்டு அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல், மஞ்சள் நூல், பச்சை நூல் கட்டியிருக்கிறது. ஒன்று நாலாயிரத்து இருநூறு, ஒன்று ஆயிரத்து நூறு, ஒன்று இருநூற்றைம்பது. எது எதுவென்று சொல்லமாட்டேன். படையலில் வைத்துப் பிடிக்கக் கொடுத்து, எது உசத்தி என்று கேட்டு எழுது.

உன் கூட்டாளி,
தினகரன்

---

புங்கமேடு
உத்திரமேரூர் வழி
11.3.2025

அன்புள்ள தினாவுக்கு,

உன் கடிதத்தை வாங்கியதும், பார்சல்மேல் இருந்த உன் நம்பருக்குப் பேச நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவையும் கீழே வைத்தேன். நீ சொன்னது சரி. எழுதுவதுதான் தேவலை.

அடப்பாவி, நாலாயிரத்து இருநூறா! மூன்று மூட்டை டி.ஏ.பி. வாங்கி ஒன்றரை ஏக்கருக்குப் போட்டுவிடலாமே. சாமிக்கு உத்திரமேரூர் பஜாரில் பத்து ரூபாய்ச் சுருட்டுதான் வாங்குகிறோம். இதுவரை அவர் குறை சொன்னதில்லை.

ஒரு தப்பு நடந்துவிட்டது, திட்டாதே. பார்சல் வந்தபோது நான் கழனியில் இருந்தேன். என் சம்சாரம் பவளம் பிரித்துத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும், "இன்னாய்யா, உன் கூட்டாளி நமுத்துப் போன சுருட்டா பாத்து அனுப்பிச்சிகீறாரு? மொட்டை மாடில மொளகாயோட காயப் போட்டுகீறேன்" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தேன். அதற்குள் ஒரு மணி நேரம் வெயில் குடித்துவிட்டது. ஈரத் துணியில் சுற்றி, வாழை மட்டைக்குள் இரண்டு நாள் வைத்தேன். பழையபடி மெத்தென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் படையல் போட்டோம். பம்பைக்காரர் அடிக்க, சாமி வந்தது. அதற்குமேல் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? பவளம் பக்கத்தில் நின்று பார்த்தாள், அவள் சொன்னதை எழுதுகிறேன். பச்சை நூல் சுருட்டைச் சாமி பாதியில் கீழே போட்டுவிட்டதாம். மஞ்சளை முக்கால்வாசி பிடித்ததாம். சிவப்பை மட்டும் விரல் சுடுகிற வரைக்கும் விடவில்லையாம். "இன்னும் கீதாடா?" என்று வேறு கேட்டதாம். கூட்டத்தில் எல்லோரும் முழித்திருக்கிறார்கள். சாமி அப்படி இன்னொரு சுருட்டு கேட்டு யாரும் பார்த்ததே இல்லை. கோயில் கணக்குப் பார்க்கிற தகரக் கொட்டகைக்காரர், "சாமிக்கு டேஸ்ட்டு மாறிப்போச்சி, இனிமே கோயில் செலவு தாங்காது" என்று இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

சிவப்புதானே நாலாயிரம்? சொல்லித் தொலை, இங்கே பெரிய பந்தயமே ஓடுகிறது.

இளமதி ஐயங்கார்குளத்தில் நன்றாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். மகள் பூஜா ஏழாவது படிக்கிறாள். நீ கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

செங்கேணி

---

பெங்களூரு
16.3.2025

அன்புள்ள செங்கேணிக்கு,

சிவப்புதான் நாலாயிரம்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டோர் ரூமில் தனியாக நின்று கைதட்டினேன். இங்கே வருகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு நூல் மாற்றிக் கட்டினால் வித்தியாசம் தெரியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிற நம் சாமிக்குத் தெரிந்திருக்கிறது பாரேன்.

பவளம் தங்கச்சியைத் திட்டமாட்டேன். நான் எட்டு வருஷமாக மெஷின் வைத்துச் செய்கிறதை நீ வாழை மட்டையில் செய்துவிட்டாய்.

ஆனால் இது போதாதுடா. உசத்தி என்றால் எதில் உசத்தி என்று மேடம் கேட்பார்கள். முதல் இழுப்பு எப்படி, நடுவில் எப்படி, கடைசியில் எப்படி என்று தெரிய வேண்டும். மஞ்சளைவிட மூவாயிரம் அதிகம் கொடுக்க அதில் என்ன இருக்கிறது? எனக்கே அதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் பிடிக்கவில்லை. எட்டு வருஷமாகக் கட்டிக் காக்கிறேன், என்ன ருசி என்று தெரியாது.

சாமி மலையேறின பிறகு வாயில் ருசி கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு இருந்திருக்குமே? நாக்கு உன்னுடையதுதானே? நன்றாக நினைவுபடுத்திப் பார்த்து எழுது. இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது.

இளமதியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. உன்னிடம் மறைப்பானேன்?

தினா

---

புங்கமேடு
20.3.2025

தினாவுக்கு,

சாமி பிடித்த சுருட்டின் ருசியை என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? அந்த நேரத்தில் நான் நானே கிடையாது. இது உனக்குத் தெரியாததா? மலையேறின பிறகு தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன், வீட்டுக்கு வந்து படுத்தேன். அவ்வளவுதான்.

வாயில் ருசி எதுவும் இல்லை. இதைப் பற்றி இனிமேல் கேட்டு எழுதாதே. ஊரில் யார் காதிலாவது விழுந்தால் வீண் பேச்சு வரும்.

மல்லாட்டைக்குக் களை எடுக்கிற வேலை இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

செங்கேணி

---

பெங்களூரு
23.3.2025

அன்புள்ள செங்கேணிக்கு,

என்னை மன்னித்துவிடு. நான் கேட்டது தப்பு. சாமி விஷயத்தில் உன்னைப் போட்டு நச்சரித்துவிட்டேன்.

வேலை போனால் போகிறது. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனுக்கு ஆள் கேட்கிறார்கள். நாற்பதை நெருங்குகிறவனை வேறு எதற்கு எடுப்பார்கள்? அதற்காக நீ சங்கடப்படாதே. ஒண்டிக் கட்டைக்கு எவ்வளவு வேண்டும்?

இதையும் உன்னிடம் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் தினமும் அழுவேன். என் அம்மாவைத் திட்டுவேன், உங்கள் வீட்டைத் திட்டுவேன். பிறகு ஒரு நாள், யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை, சாமிதான் வேண்டாம் என்றது, அவருக்குக் காரணம் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். வேறு பெண் பார்க்கவும் தோன்றவில்லை. அந்த ஒரு பிடிமானத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதை இந்தச் சுருட்டுக்காக நானே கிளறியிருக்கக் கூடாது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தினா

---

புங்கமேடு
27.3.2025

தினா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது போஸ்ட் பண்ணிவிட வேண்டும்.

சிவப்பு நூல் சுருட்டு, முதல் இரண்டு இழுப்பில் ஒன்றுமே இல்லை. பற்றவே இல்லையோ என்று நினைத்தேன். பிறகு, வறுத்த மல்லாட்டையைக் கையில் வைத்துத் தேய்த்துத் தோலை ஊதும்போது ஒரு வாசனை வருமே, அது வந்தது. தொண்டையைக் கொஞ்சமும் கீறவில்லை. நடுவில், கொப்பரையில் வெல்லப் பாகு காய்கிற வாசனை. அதற்குப் பிறகு உதட்டில் மட்டும் மிளகுக் காரம். கடைசி விரற்கடை வரைக்கும் கசக்கவே இல்லை. மஞ்சள் நூலிலும் இந்த மல்லாட்டை இருக்கிறது, பாகும் இருக்கிறது, ஆனால் முக்கால்வாசிக்குமேல் கசந்துவிடும். அந்தக் கடைசி விரற்கடைக்குத்தான் நீங்கள் மூவாயிரம் கூட வாங்குகிறீர்கள். பச்சை, நம் பஜார்ச் சுருட்டுக்கு அண்ணன், அவ்வளவுதான்.

எழுதிவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும்.

சாமி வராமலே இல்லை, தினா. வருகிற நாளில் நிஜமாகவே வருகிறது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது, இது சத்தியம். ஆனால் பம்பை அடிக்கிறார்கள், ஊரே கை கட்டி நிற்கிறது, சாமி வரவில்லை என்றால் என்ன செய்வது? நானே ஆடிவிடுகிறேன். உன் சுருட்டைப் படைத்த ஞாயிறும் அப்படித்தான் ஆடினேன். "இன்னும் கீதாடா" என்று கேட்டது நான்தான். அவ்வளவு நன்றாக இருந்தது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் உன் அம்மா வாக்குக் கேட்ட அன்றைக்கும் சாமி வரவில்லை.

அன்று காலையில் என் அம்மா என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்கு காணி நெலம் கீதா, இன்னா கீது? மூஞ்சிக்கு நேரா வாணாம்னு சொன்னா ஒறவு கெட்டுடும். சாமி சொன்னா யாருக்கும் மனஸ்தாபம் வராது" என்றாள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா காலமாகி, சாமியாடுகிற முறை அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. எல்லோரும் என்னைக் கும்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவைப் பகைத்துக்கொள்ளப் பயம். உன்னிடம் நேராகச் சொல்லவும் பயம். வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு, உன் கண்ணைப் பார்க்காமல் "வாணாம்" என்றேன். உனக்குப் பின்னால் இளமதி நின்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாமிதான் சொன்னது என்று நினைத்து நீ நிம்மதியாகச் சாப்பிட்டாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் நிம்மதியைக் கெடுக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு பொய்யால் உன்னை ஊரை விட்டு அனுப்பினேன். இன்னொரு பொய்யால் உன் வேலையையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

செங்கேணி

---

பெங்களூரு
6.4.2025

செங்கேணி அவர்களுக்கு,

கடிதம் முப்பத்தோராம் தேதி கிடைத்தது. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

இரண்டாம் தேதி போனேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கலாம் என்றுதான் போனேன். மேடம் எதிரில் உட்கார்ந்ததும், இன்னொருவர் ருசியை ஒப்பிக்கப் பிடிக்கவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நானே ஒரு நாலாயிரத்து இருநூறு ரூபாய்ச் சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தேன். வாழ்க்கையில் முதல் சுருட்டு. எனக்கு இனிமேல் யாரிடம் பயம்?

இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மல்லாட்டை வாசனை இருந்தது உண்மைதான். பாகு எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குக் கசக்காத அந்தக் கடைசி விரற்கடை எனக்குக் கசந்தது. இதையெல்லாம் அப்படியே மேடத்திடம் சொன்னேன். விலைக்குத் தகுமா என்று கேட்டார்கள். "ஆசைப்பட்டு ஒன்று பிடிக்கிறவருக்குத் தகும், மேடம். எனக்குத் தகாது" என்றேன். திங்கட்கிழமையிலிருந்து கவுண்டருக்கு வரச் சொன்னார்கள். நாளைக்குச் சேருகிறேன்.

இத்தனை வருஷம் எனக்குச் சாமிமேல் கோபம். சாமியிடம் சண்டை போட முடியாது என்று அடக்கிக்கொண்டேன். இப்போது கோபத்துக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் என்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டிய ஆளாகப் போய்விட்டான். அவனை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். இளமதிக்குச் சொல்லவில்லை. அவளும் சாமி சொன்னது என்று நம்பித்தானே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்? அவளுக்கு இப்போது வீடு இருக்கிறது, பெண் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. ஆனால் அன்றைக்கு வேண்டாம் என்றது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஐயங்கார்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் எழுத வேண்டாம்.

தினகரன்