சாயம் போன சாரம்

1974 ஜூன், செவ்வாய் இரவு, டண்டினொங், மெல்பேர்ன்

ஜப்பானில் ஒரு விடுதியின் வெந்நீர்க் குளத்தை நான் நீலமாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

துணி ஆலை முதலாளி தக்கேதா, ஓய்வெடுக்கலாம் என்று போன சனிக்கிழமை என்னை அங்கே கூட்டிப்போனார். எனக்கு எங்கே ஓய்வு? அவருடைய துணியை மெல்பேர்னில் விற்கும் ஏஜென்சி கிடைக்காமல் திரும்பினால் என் கடையைப் பூட்ட வேண்டியதுதான். விலையைக் குறைப்பதற்காக, உங்கள் துணி சாயம் போகும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

அங்கே எல்லாரும் அம்மணமாகக் குளித்தார்கள். கிணற்றடியிலும் இடுப்பில் சாரம் கட்டியே குளித்தவன் நான். ஊரிலிருந்து வந்த புதுச் சாரத்தோடு இறங்கிவிட்டேன். அந்தச் சூட்டில் சாயம் கரைந்து என்னைச் சுற்றிப் பரவியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். விடுதிக்காரர் ஓடிவந்து குளத்துத் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார்.

விடிந்ததும் தக்கேதா கேட்டார்: "மிஸ்டர் நடராஜா, நேற்றுச் சாயம் போனது யாருடைய துணி?"

"என்னுடையதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது மனைவி என் பையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.

"புதுச் சாரம் எங்கையப்பா?"

"மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டன்."

"நல்ல வியாபாரிதான்! அப்ப ஏஜென்சியையும் அங்கையே விட்டிட்டியளோ?"

விடவில்லை. மெல்பேர்ன் முழுக்க எனக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு. தக்கேதா முதலில் சொன்ன விலைக்கே, ஒரு சதமும் குறையாமல்.